அப்பாவின் குழப்பமும் மரபணுவும்

வணக்கம் சார்,

என் அப்பாவுக்கு 62 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை. குடிப்பழக்கம் கிடையாது. கொழுப்புக் கல்லீரல் முற்றி சிரோசிஸ் ஆகிவிட்டது என்கிறார்கள். இரண்டு மாதமாகப் பகலில் தூங்குகிறார், ராத்திரி விழித்திருக்கிறார். போன வாரம் சட்டைப் பித்தானைப் போடத் தெரியாமல் நின்றார். அம்மோனியா மூளையைப் பாதித்திருக்கிறது என்றார் டாக்டர். இதே நோயுள்ள அவருடைய நண்பர் தெளிவாக இருக்கிறார். அப்படியானால் மரபணுதான் காரணமா? நானும் தம்பியும் பரிசோதித்துக்கொள்ளலாமா? (இப்போதைக்கு மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம்.)

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். சிரோசிஸ் உள்ளவருக்குத் தூக்க மாத்திரை இந்தக் குழப்பத்தை முற்றவைக்கும். இன்றே டாக்டருக்கு போன் செய்து மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் என் பெரியப்பாவுக்கு நாங்களும் இதையேதான் செய்தோம். நடுராத்திரியில் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் நிற்பதை வயசுக் கோளாறு என்று நினைத்தோம். கையை நீட்டச் சொன்னபோது மணிக்கட்டு கோழிச் சிறகு மாதிரி அடித்துக்கொண்டது. அப்புறம்தான் இதுவும் அம்மோனியாவின் வேலை என்று புரிந்தது.

சரி, மரபணு. குடலில் அம்மோனியாவைப் பாக்டீரியாக்கள் மட்டும் உண்டாக்குவதில்லை. குடல் செல்களும் குளூட்டமின் என்கிற அமினோ அமிலத்தை உடைத்து உண்டாக்குகின்றன. அதைச் செய்யும் நொதி குளூட்டமினேஸ். நல்ல கல்லீரல் அந்த அம்மோனியாவை யூரியாவாக மாற்றிவிடும். கெட்டுப்போன கல்லீரலைத் தாண்டி அது மூளைக்குப் போனால், அங்கே ஆஸ்ட்ரோசைட் என்கிற செல்கள் அதைத் திரும்பவும் குளூட்டமினாக்கி வைத்துக்கொண்டு, நீர் கோத்து வீங்குகின்றன.

ஸ்பெயினில் செவில் நகரத்து ஆய்வாளர்கள் 2010இல் ஒன்றைக் காட்டினார்கள். குளூட்டமினேஸ் மரபணுவை முடுக்கிவிடும் பகுதியில் ஒரு சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. தாய்வழி, தந்தைவழி இரண்டிலுமே அது நீளமாக வாய்த்த சிரோசிஸ் நோயாளிகளுக்குத்தான் மூளைப் பாதிப்பு அதிகம் வந்தது. அப்பாவுக்கும் நண்பருக்கும் உள்ள வித்தியாசத்தில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் முந்நூறு பேருக்கும் குறைவு. அதோடு, நீளத் தொடர் இருப்பது தெரிந்தாலும் வைத்தியம் மாறப்போவதில்லை. 1966இலிருந்து கொடுத்துவரும், மலத்தை இளக்கும் அதே லாக்டுலோஸ் சிரப்தான். தினமும் இரண்டு மூன்று முறை இளக்கமாக வெளிக்குப் போக வேண்டும். மலச்சிக்கல், தொற்று, ரத்தக் கசிவு, நீர் வற்றுவது எல்லாம் அந்த மரபணுவைவிடப் பெரிய எதிரிகள். பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள். அது பழைய அறிவுரை. அதனால் தசைதான் கரையும். அம்மோனியாவைக் கொஞ்சமாவது வாங்கிக்கொள்வது தசை.

மரபணுவே முழுக் காரணமாக இருக்கும் நோய் வேறு. லண்டனில் கின்னியர் வில்சன் 1912இல் விவரித்த வில்சன் நோய். ஏடிபி7பி என்ற மரபணு இரண்டு பக்கமும் பழுதானால் செம்பு வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் படியும். மரபணுவைக் கண்டுபிடித்தது 1993இல். ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப் பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொடுக்கும் நம் ஊரில் இதை யோசிக்கத்தான் வேண்டும். அறிகுறி வருமுன்பே பிடித்துவிட்டால் மாத்திரையிலேயே காலம் தள்ளலாம். பெரும்பாலும் இது இளவயதில் தலைகாட்டுவது. உங்கள் அப்பாவின் கதை அப்படித் தெரியவில்லை.

அப்பாவின் குளூட்டமினேஸ் தொடர் உங்களுக்கு வந்திருந்தாலும், கல்லீரல் நன்றாக இருக்கும்வரை அதனால் ஒன்றும் ஆகாது. குடும்பத்தில் நிஜமாகவே இறங்கி வரக்கூடியது சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும். மரபணு டெஸ்டுக்கு எடுத்துவைத்த பணத்தில் நீங்களும் தம்பியும் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்து, வயிற்றுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் அந்த போன்.