கண் டாக்டர் ஆகலன்னா கண் ஆராய்ச்சிக்கு போக முடியாதா? ஒரு அப்பாவுக்கு என் பதில்

சார், உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். பொண்ணு ரெண்டாவது தடவ நீட் எழுதியும் கவர்மென்ட் சீட்டுக்கு மார்க் வரல, வீட்ல ஒருத்தரும் ஒழுங்கா சாப்பிடல, அவ பெரியப்பா தினமும் போன் போட்டு மூணாவது தடவ எழுத வை இல்லன்னா ஜார்ஜியாவுக்கு அனுப்பு, திருத்தணி பக்கம் இருக்கற ரெண்டு கிரவுண்ட வித்துடலாம்னு சொல்றாரு, அம்பத்தூர் எஸ்டேட் சம்பளத்துல என்ன பண்றதுன்னே தெரியலன்னு எழுதியிருக்கீங்க. உங்க கவலை புரியுது. ஆனா ஆறுதலோட நிறுத்திக்க போறதில்ல. நிலத்த விக்காதீங்க, மொதல்ல அத சொல்லிடறேன். கண்ண சோதிச்சு பார்வைய அளக்கற ஆப்டோமெட்ரிங்கற படிப்பு வழியா அவளுக்கு வேற பாதை இருக்கு.

பொண்ணுகிட்ட தனியா பேசினேன்ல, அப்போ அவ ஒரு நோட்ட எடுத்து காட்டினா, நீங்க பாத்திருக்கீங்களான்னு தெரியல. பாட்டிக்கு சுகர்னால விழித்திரைல நீர் கோத்துகிட்டு கண்ணுல ஊசி போட்டாங்க இல்லையா, ஒவ்வொரு தடவயும் எடுத்த ஓசிடி ஸ்கேன்ல (விழித்திரைய அடுக்கடுக்கா காட்டற படம்) விழித்திரை எத்தன மைக்ரான் தடிப்பு இருந்துச்சுன்னு தேதி போட்டு எழுதி வெச்சிருக்கா. "அதே ஊசி, அதே ஆளு, வலது கண்ணுல வீக்கம் வத்திடுச்சு, இடது கண்ணுல வத்தல, ஏன்?"னு என்கிட்ட கேட்டா. ஆபரேஷன் பண்ற டாக்டர் ஆகணுமாம்மான்னு கேட்டேன். யோசிச்சுட்டு, இல்ல, இது ஏன் இப்படி ஆகுதுன்னு கண்டுபிடிக்கற வேல வேணும்னா. பதினெட்டு வயசுல இவ்ளோ தெளிவா சொல்ற பிள்ளைங்க ரொம்ப கம்மி சார். அவ ஆபரேஷன்தான் பண்ணணும்னு சொல்லியிருந்தா நானே எம்பிபிஎஸ்தான் வழி, வேற குறுக்கு வழி கிடையாதுன்னு சொல்லியிருப்பேன்.

பெரியப்பா சொல்ற கணக்க பாப்போம். எம்பிபிஎஸ் நாலரை வருஷம், ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், அப்புறம் நீட் பிஜி, அதுல கண் பிரிவு கெடைச்சா எம்எஸ் மூணு வருஷம். கெடைக்கும்னு யாரும் கேரண்டி தர முடியாது. இங்க டீம்டு யுனிவர்சிட்டின்னா வருஷ ஃபீஸே இருபது லட்சத்த தாண்டுது. வெளிநாட்டுல படிச்சா அங்கயே ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப் முடிக்கணும், இங்க வந்து ஸ்க்ரீனிங் எக்ஸாம் பாஸ் பண்ணணும், மறுபடி இங்கயும் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப் பண்ணணும். இத்தனையும் முடிஞ்ச பிறகும் அவ நோட்டுல இருக்கற கேள்வி அப்படியேதான் இருக்கும், ஏன்னா அது ஆராய்ச்சி கேள்வி. ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துடலாமான்னு கடைசில கேட்டிருக்கீங்க. ஒத்த ரூபா கொடுக்காதீங்க.

பயோடெக், நர்சிங், பார்மசி எல்லாம் உங்களுக்கே யாராவது சொல்லியிருப்பாங்க, அத விட்டுடறேன். நான் சொல்ல வர்றது ஆப்டோமெட்ரி. சொன்ன உடனே உங்க வீட்டம்மா "கண்ணாடி கடைல நிக்க போறாளா"ன்னு கேட்டாங்க. நிறைய பேர் அங்கயும் வேல பாக்கறாங்க, அது கவுரவமான வேலதான், ஆனா அதோட முடியற படிப்பு இல்ல இது. பி.ஆப்டம் டிகிரி, கடைசி வருஷம் முழுக்க இன்டர்ன்ஷிப். கண்ணோட உடலமைப்பு, ஒளியியல், கண் நோய்கள், ஸ்லிட் லாம்ப்ங்கற விளக்கு மைக்ராஸ்கோப்ல கருவிழிய பாக்கறது, க்ளகோமாங்கற கண் அழுத்த நோய்க்கு பார்வை பரப்பு எடுக்கறது, விழித்திரைய எடுக்கற ஃபண்டஸ் போட்டோ, அவ நோட்டுல எழுதி வெச்சிருக்காளே அந்த ஓசிடி, எல்லாமே இதுல பாடம். கண்ணாடி கடைக்குன்னு நடத்தற குறுகிய கால கோர்ஸும் ரெண்டு வருஷ டிப்ளமோவும் வேற, பேரு ஒரே மாதிரி இருக்கறதால ஏமாந்துடாதீங்க, டிகிரிதான் வேணும். 2021ல வந்த அலைடு ஹெல்த்கேர் சட்டத்துல ஆப்டோமெட்ரிஸ்ட்டயும் சேத்தாச்சு.

ஆராய்ச்சிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நம்ம ஊர்ல அறுப்பு நேரத்துல நெல்லு தாள் கண்ணுல குத்தி கருவிழில பூஞ்சை புண்ணு வரும், பார்வையே போயிடும், விவசாய கூலி ஆளுங்களுக்குத்தான் அதிகம். இதுக்கு பழைய நாட்டமைசின் சொட்டு மருந்து நல்லதா, புதுசா வந்த வோரிகோனசோல் நல்லதான்னு அரவிந்த் கண் ஆஸ்பத்திரில அமெரிக்க டாக்டர்களோட சேந்து 323 பேஷன்ட்ட வெச்சு ஒரு ட்ரையல், அதாவது மருந்த ஒப்பிட்டு பாக்கற சோதனை, நடத்தினாங்க, 2013ல ரிசல்ட் வந்துச்சு, பழைய நாட்டமைசின்தான் ஜெயிச்சது, முக்கியமா ஃபியூசேரியம்ங்கற பூஞ்சைக்கு. அந்த முடிவு எத வெச்சு வந்துச்சு தெரியுமா? மூணு மாசம் கழிச்சு ஒவ்வொருத்தருக்கும் கண்ணாடி பவர் சரி பண்ணி பார்வைய அளந்தாங்க, அத வெச்சுதான். அளக்கறவருக்கு யாரு எந்த மருந்து போட்டாங்கன்னு தெரியக்கூடாது, அளவும் துல்லியமா இருக்கணும். ட்ரையல்கள்ல பார்வைய அளக்கற சார்ட்ல வரிக்கு அஞ்சு எழுத்து, எத்தன எழுத்து கூடுதலா படிச்சாங்கங்கறதுதான் மருந்தோட மார்க்கு. இந்த அளவ தப்பா எடுத்தா எத்தன கோடி செலவு பண்ண ட்ரையலும் வீண். ஆப்டோமெட்ரி படிச்சவங்களோட இடம் அங்க இருக்கு.

இன்னொண்ணு, 2016ல கூகுள்காரங்க சுகர் பேஷன்ட் விழித்திரை போட்டோவ பாத்து கம்ப்யூட்டரே பாதிப்ப சொல்ற மாதிரி ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, 1,28,000 படத்துக்கு மேல கொடுத்து கத்துக்க வெச்சாங்க, அந்த வேலைல நம்ம சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் மதுரை அரவிந்த் படங்களும் இருந்துச்சு. ஒவ்வொரு போட்டோவயும் யாரோ ஒருத்தர் பேஷன்ட்ட உக்கார வெச்சு, தாடைய சரியா வெக்க சொல்லி, சிமிட்டாம எடுத்திருக்காங்க. மங்கலா எடுத்த படத்துலேர்ந்து எந்த கம்ப்யூட்டரும் ஒண்ணும் கத்துக்காது. ஸ்கூல் பசங்களுக்கு வருஷா வருஷம் மைனஸ் பவர் ஏறிட்டே போகுதே, அத எப்படி மெதுவாக்கறதுங்கற ஆராய்ச்சியிலயும் ஆப்டோமெட்ரி ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க.

சென்னைல இருந்துகிட்டு இத தெரியாம இருக்கோம்னு எனக்கு நெஜமாவே வருத்தம் சார். எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819ல ஆரம்பிச்சது, உலகத்துலயே பழைய கண் ஆஸ்பத்திரிகள்ல ஒண்ணு. சங்கர நேத்ராலயாவ டாக்டர் பத்ரிநாத் 1978ல ஆரம்பிச்சாரு, 1985லயே அவங்க எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரின்னு காலேஜ் தொடங்கிட்டாங்க, ஆராய்ச்சிக்குன்னே விஷன் ரிசர்ச் ஃபவுண்டேஷன் தனியா வெச்சிருக்காங்க. வெளியூர்லேர்ந்து பிள்ளைங்க சூட்கேஸ் தூக்கிட்டு இங்க படிக்க வர்றாங்க, உங்க பொண்ணு வீட்லேர்ந்து டிரெயின் ஏறினா போதும்.

பணத்த பத்தி மறைக்காம சொல்றேன். டிகிரி முடிச்ச உடனே பெரிய சம்பளம் வராது, இருபதாயிரம் ரூபா சுத்திதான் ஆரம்பம். அவ அதோட நிக்காம எம்.ஆப்டம் ரெண்டு வருஷம், அப்புறம் பிஎச்டின்னு போகணும், அதுதான் திட்டமே. 2023லேர்ந்து ஆராய்ச்சி பண்றவங்களுக்கு மத்திய அரசு தர்ற ஜேஆர்எஃப் ஃபெல்லோஷிப் மாசம் 37,000 ரூபா, வீட்டு வாடகை படி தனி, அது கெடைச்சா பிஎச்டி காலத்துல உங்க கைலேர்ந்து பணம் போகாது, அவ கைக்கு பணம் வரும். ஹூஸ்டன், ஹாங்காங் பாலிடெக்னிக் மாதிரி எடங்கள்லயும் விஷன் சயின்ஸ், அதாவது பார்வை அறிவியல், பிஎச்டிக்கு முழு ஸ்டைபெண்டோட எடுக்கறாங்க. ஆனா அமெரிக்கால ஆப்டோமெட்ரிஸ்ட்டா ப்ராக்டிஸ் பண்ண அவங்க ஊரு ஓ.டி. (டாக்டர் ஆஃப் ஆப்டோமெட்ரி) டிகிரி வேணும், நம்ம டிகிரி மட்டும் போதாது, யாராவது அங்க போனா உடனே க்ளினிக் வெக்கலாம்னு சொன்னா நம்பாதீங்க. இங்க பி.ஆப்டம் முழு படிப்பு செலவும் டீம்டு எம்பிபிஎஸ்ல ஒரு வருஷ ஃபீஸ்க்கு கிட்டயே வராது. லோன் வேணும்னா கவர்மென்ட் பேங்க்ல ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் இல்லாமலே கல்வி கடனுக்கு வழி இருக்கு. நிலம் நிலமாவே இருக்கட்டும்.

காலேஜ் பாக்க போனா பில்டிங்க பாக்காதீங்க. சொந்தமா கண் ஆஸ்பத்திரி இருக்கா, பிள்ளைங்க எந்த வருஷத்துலேர்ந்து பேஷன்ட்ட தொடுறாங்க, இன்டர்ன்ஷிப் எங்க, கடைசி வருஷம் ரிசர்ச் ப்ராஜெக்ட் உண்டா, பாடம் எடுக்கறவங்கள்ல பிஎச்டி முடிச்சவங்க எத்தன பேரு, இத கேளுங்க. ஆஸ்பத்திரி இல்லாத காலேஜ்னா அங்கயே எழுந்து வந்துடுங்க. பொண்ணுகிட்ட புள்ளியியல இப்பவே கொஞ்சம் படிக்க சொல்லுங்க, இந்த துறைல கணக்கு தெரிஞ்ச ஆளுக்கு எப்பவும் வேல இருக்கு. இண்டியன் ஜர்னல் ஆஃப் ஆப்தல்மாலஜி நெட்ல ஃப்ரீயா கெடைக்கும், சுகர் விழித்திரை பத்தி ஒரு கட்டுரைய எடுத்து அவளே படிச்சு பாக்கட்டும், பாதி புரியாது, பரவால்ல, புரியாத எடத்துல அவ தூக்கி போடறாளா இல்ல தேடி போறாளான்னு நீங்க பாருங்க.

பெரியப்பா மறுபடி போன் பண்ணா என் நம்பர கொடுங்க, நான் பேசிக்கறேன். மூணாவது தடவ நீட் வேணுமா வேணாமான்னு சொல்ற உரிமை அவருக்கு இல்ல, எழுத வேண்டியது அவ, அவ வேணாம்னு ரெண்டு தடவ சொல்லிட்டா. பாராமெடிக்கல் டிகிரி கவுன்சிலிங்ல பி.ஆப்டமும் வரும், இதுவரைக்கும் ப்ளஸ் டூ மார்க் வெச்சுதான் சீட்டு கொடுத்தாங்க, இந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ ஒரு வரி விடாம படிச்சுட்டு அப்ளிகேஷன் போடுங்க, கம்யூனிட்டி சர்டிபிகேட், நேட்டிவிட்டி, டிசி எல்லாத்தயும் ஸ்கேன் பண்ணி வெச்சுக்கோங்க. தனியார் காலேஜுகளுக்கு தனித்தனியா அப்ளை பண்ணணும், சில எடத்துல என்ட்ரன்ஸும் இன்டர்வியூவும் உண்டு, அதுக்கு போறப்ப அந்த நோட்ட கூடவே எடுத்துட்டு போக சொல்லுங்க.