பூ இல்லாதப்போ காயாவை எப்படி அடையாளம் காண்றது?

மரக்காணம் பக்கம் ஒரு கோயில் காட்டுல ஆள் உயரத்துக்கு மேல ஒரு புதர், தடிச்ச இலை எதிரெதிரா, பட்டாணி சைஸ்ல காய், ஊர்ல பாதிப் பேர் காயாம்பூ பூக்கிற காயாச் செடின்றாங்க பாதிப் பேர் காட்டு நாவல்ன்றாங்க, பூ முடிஞ்சு போச்சு, எப்படி உறுதி பண்றதுன்னு ஒரு வாசகர் கேட்டிருக்கார்.

முதல்ல காயை விட்ருங்க, அத வச்சு முடிவு பண்ண முடியாது. காயாவும் உருண்டையா இருந்து கருநீலமா பழுக்கும், நுனியில புல்லி வட்டம், அதாவது பூவோட வெளி அடுக்கு, கிரீடம் மாதிரி ஒட்டியிருக்கும், ஆனா அதே கிரீடம் நாவல்லயும் இருக்கு, குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது.

இலைக்கு வாங்க. ஒண்ணைப் பறிச்சு வெயிலுக்கு எதிரா தூக்கிப் பிடிச்சு, லென்ஸ் இருந்தா லென்ஸ்ல பாருங்க. நாவல் குடும்பம்னா ஊசியால குத்துன மாதிரி பொடிப் பொடியா ஒளிப்புள்ளி தெரியும், அதெல்லாம் எண்ணெய்ச் சுரப்பி, கசக்கினா வாசனையும் வரும். பக்க நரம்பெல்லாம் ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ள ஒரே கோடா சேர்ந்து ஓடும். காயா இலையில புள்ளி கிடையாது, வாசனை கிடையாது, நடு நரம்பைத் தவிர மத்த நரம்பு கண்ணுக்கே சரியா தெரியாது. காய்ஞ்சா இலை மஞ்சள் கலந்த பச்சையா மாறும், காரணம் இந்தச் செடி மண்ணுல இருக்கிற அலுமினியத்தை இலையில சேத்து வைக்குது, கோரைப்பாய்ல சாயம் நல்லா பிடிக்க இந்த இலையைப் போடுறதும் அதனாலதான். காயா குடும்பத்துல மத்த செடிங்களுக்குப் பெரும்பாலும் இலை அடியிலேர்ந்து மூணு நரம்பு நீளமா ஓடும், அத எதிர்பார்த்துத் தேடினா ஏமாந்துடுவீங்க, காயா அதுல விதிவிலக்கு.

அடுத்த தடவை பூக்கும்போது சந்தேகமே வராது. இலைக் கக்கத்துலயும் இலை உதிர்ந்த பழைய கணுவுலயும் கொத்துக் கொத்தா நீலம், காயாம்பூ வண்ணன்னு பெருமாளைச் சொல்றாங்களே அதே நிறம். ஒரு பூவை எடுத்து எண்ணுங்க, நாலு இதழ், எட்டு மகரந்தக் கேசரம். நாவல்னா வெளுத்த பூவுல எண்ண முடியாத அளவுக்கு கேசரம் பிரஷ் மாதிரி நிக்கும்.

ஒண்ணு மட்டும் கவனம், மேற்குத் தொடர்ச்சி மலையில இதே பேரினத்துல, அதாவது காயாவோட நெருங்கிய சொந்தத்துல, நிறைய இனம் இருக்கு, அங்க இலையை மட்டும் பாத்து இனப் பேர் சொல்லிடாதீங்க. கிழக்குக் கரையோட உலர் பசுமைமாறாக் காட்டுல, அதாவது வறண்ட இடத்துலயும் வருஷம் முழுக்க பச்சையா இருக்கிற காட்டுல, இது ரொம்ப சாதாரணமா வளர்ற செடி, நீங்க சொல்ற அடையாளத்தோட இலையில புள்ளியும் இல்லேன்னா தாராளமா காயான்னே எழுதிக்கலாம். சோதிக்க ரெண்டு இலை போதும், கிளையை ஒடிக்காதீங்க, ரொம்ப மெதுவா வளர்ற செடி இது.