நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால்: கேள்வி பதில்

கே: ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்தால்?

ப: சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் ஹசார்டு லைட்டைப் போட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, இருக்கிற வேகத்திலேயே ஓரம் வரை உருட்டி வாருங்கள். ஸ்டியரிங் கனமாகிவிடும், பலம் கொடுத்துத் திருப்ப வேண்டும். பிரேக்கை எளிதாக அழுத்த உதவும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் (வெற்றிடம்) இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். விட்டு விட்டு மிதித்தால் தீர்ந்துபோகும், ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள்.

கே: ஓரத்தில் நிறுத்தியாயிற்று. மழை கொட்டுகிறது. உள்ளேயே உட்கார்ந்திருக்கலாமா?

ப: வேண்டாம். கார் ஏன் நின்றது என்பதைவிடப் பின்னால் வருகிற வண்டிதான் ஆபத்து. 100 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு 28 மீட்டர் ஓடும். ஓட்டுநர் இரண்டு நொடி கண்ணசந்தால் 56 மீட்டர் போய்விடும். ஹேண்ட் பிரேக் போட்டு, முன்சக்கரங்களைச் சாலையை விட்டு விலகிய பக்கமாகத் திருப்பி வையுங்கள். வண்டிகள் போகாத பக்கத்துக் கதவு வழியாகவே எல்லோரும் இறங்க வேண்டும், ஓட்டுநரும்தான். இரும்புத் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் நில்லுங்கள். அங்கேயும் காருக்கு நேராகவோ முன்னாலோ நிற்கக் கூடாது, இடிபட்ட கார் முன்னோக்கித்தான் பாயும். வண்டிகள் வருகிற திசையில் சில மீட்டர் தள்ளி நிற்பதே சரி. பாலமாக இருந்தால் தடுப்புக்கு அப்பால் தரை இருக்கிறதா என்று பார்க்காமல் காலை வைக்காதீர்கள். இருட்டில் தெரியாது.

கே: நடு லேனில் நின்றுவிட்டால்?

ப: குறுக்கே ஓடிக் கடக்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கழற்றாமல், ஹசார்டு எரிய, உடனே அவசர எண்ணை அழையுங்கள். கிலோமீட்டர் கல், போகும் திசை, கடைசியாகத் தாண்டிய வெளியேறும் வழி, இந்த மூன்றையும் சொன்னால் தேடி அலைய மாட்டார்கள்.

கே: எச்சரிக்கை முக்கோணம் வைக்கலாமா?

ப: நாட்டுக்கு நாடு விதி வேறு. பிரிட்டனில் மோட்டார்வேயில் வைக்கக் கூடாது என்றே சொல்கிறார்கள். வைத்தாக வேண்டிய இடத்தில், தடுப்புக்குப் பின்னாலேயே நடந்து போங்கள். நடக்க இடமில்லை, இருட்டு என்றால் விட்டுவிடுங்கள்.

கே: ஸ்டெப்னி மாற்றுவது?

ப: அங்கே வேண்டாம். ரிம் நெளிந்தாலும் பரவாயில்லை, மெல்ல உருட்டி அடுத்த வெளியேறும் வழிக்குப் போக முடிந்தால் போய்விடுங்கள். இல்லையேல் இழுவை வண்டிதான்.

கே: பானெட்டிலிருந்து ஆவி வருகிறது.

ப: இன்ஜினை அணையுங்கள். சூடு ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள், அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். வருவது ஆவியில்லை, கருகல் வாடையுள்ள புகை என்றால் பானெட்டைத் திறக்கவே கூடாது. காற்றுப் பட்டால் தீ பற்றும். விலகி ஓடுங்கள்.

கே: சரியாகிவிட்டது. எப்படிக் கிளம்புவது?

ப: ஹசார்டை அணைத்துவிட்டு இண்டிகேட்டர் போடுங்கள். ஹசார்டு எரியும்வரை நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. ஓரப்பாதையிலேயே வேகமெடுத்து, நல்ல இடைவெளி கிடைத்த பிறகு லேனுக்குள் நுழையுங்கள்.