தோற்றதையும் சொன்னவர்

அன்புள்ள ஐயா,
தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். இப்போது துறைத்தலைவர் பொறுப்பை ஏற்கச் சொல்கிறார்கள். உயர்கல்வியில் நல்ல தலைமைக்கு என்ன பண்புகள் வேண்டும்? நிர்வாகப் பயிற்சியில் சேரலாமா? எதற்கெடுத்தாலும் கூச்சலிடும் இன்றைய மாணவர்களைச் சமாளிப்பதை நினைத்தால்தான் அச்சமாக இருக்கிறது.
கு.

அன்புள்ள கு.,

ஏற்றுக்கொள்ளுங்கள் தம்பி. உங்களைப் போலத் தயங்குபவர்கள் ஒதுங்கினால் பதவிக்கு அலைபவர்கள்தான் மிஞ்சுவார்கள். பயிற்சி உங்கள் விருப்பம். வரவுசெலவு பார்க்கப் பழகலாம், அவ்வளவுதான்.

ஆனால் ‘கூச்சல்’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? 2015 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் 10.5 சதவீதக் கட்டண உயர்வை எதிர்த்துப் பிள்ளைகள் வாயில்களை மறித்தார்கள். முடிவெடுத்தவர்கள் நேரில் வந்து பதில் சொல்லவேண்டும் என்றும் கேட்டார்கள். துணைவேந்தர் ஆதம் ஹபீப் வந்து அவர்கள் நடுவே தரையில் உட்கார்ந்தார். 23ஆம் தேதி, மறு ஆண்டுக்குக் கட்டண உயர்வே இல்லை என்று அதிபர் ஜூமா அறிவித்தார். வெறும் கூச்சலுக்கா அரசு பணிந்தது? 2016இல் மீண்டும் போராட்டம் எழுந்தபோது அதே வளாகத்தில் காவல்துறை நின்றது என்பதையும் மறக்கவில்லை. ஒருமுறை தரையில் உட்கார்ந்தால் போதாது, தம்பி.

1961இல் நிறவெறி அரசு டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரித் தீவில் இந்தியர்களுக்கென ஒரு கல்லூரியைத் திறந்தது. எங்களைக் கேட்டுத் திறக்கவில்லை. போகாதே என்றது போராட்ட இயக்கம். படி என்றார் அப்பா. படகேறிப் போனேன். அங்கே ஓர் ஆசிரியர் இருந்தார். எந்தக் கூட்டத்துக்குப் போய் வந்தாலும் மறுநாள் காலை வகுப்பில் சொல்லிவிடுவார்: “உங்களைப் பற்றி நேற்று இப்படி முடிவாயிற்று. நான் எதிர்த்தேன், தோற்றேன். அவர்கள் சொன்ன காரணம் இது.” ஆத்திரத்தையெல்லாம் அவர்மீதே கொட்டுவோம். அசையாமல் நின்று கேட்டுக்கொள்வார். எங்களை மனிதர்களாக மதித்து ஒரு முடிவைச் சொன்னவர் அந்நாளில் அவர் ஒருவர்தான். அவருக்குப் பெரிய பதவி எதுவும் இல்லை. நீங்கள் கேட்கும் தலைமையை நான் பார்த்தது அவரிடம்தான்.

அந்தக் கல்லூரிதான் வெஸ்ட்வில்லுக்குப் போய், 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகமாயிற்று. வெஸ்ட்வில்லில் ஒரு காலத்தில் தமிழைப் பட்டப்பாடமாகப் படித்தார்கள். பணமில்லாமல்தான் இப்படிப் பாடங்களை மூடுகிறார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். படிக்கிறவனுக்கு அதை முகம்பார்த்துச் சொல்லவேண்டாமா?

உங்கள் துறையில் ஒரு பாடத்தை நிறுத்த நேர்ந்தால் தயவுசெய்து மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். வகுப்புக்குப் போய், கேள்விகள் தீரும்வரை நில்லுங்கள். எத்தனை கூட்டம் இருந்தாலும் முதலாண்டு வகுப்பு ஒன்றை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். பொறுப்பேற்றதும் எழுதுங்கள்.