கிழக்குக் கென்டக்கியில் சாலமாண்டர் எண்ணப் போகும் தம்பிக்கு

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்க வந்து எட்டு மாதம் ஆகிறது, கோடையில் கிழக்குக் கென்டக்கி மலை ஓடைகளில் சாலமாண்டர் (பல்லி உருவில் இருக்கும், தவளைக்கு உறவான ஈரத்தோல் பிராணி) எண்ணும் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள், தம்பி. இந்த நாட்டில் என் முதல் இரண்டு கோடைகள் அங்கேதான் கழிந்தன.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை என்றால், சி.பி.டி. அனுமதி (மாணவர் விசாவில் இருப்பவர் படிப்போடு சேர்ந்த வேலை பார்ப்பதற்கானது) கைக்கு வராமல் ஒரு நாள்கூட இறங்காதீர்கள். உண்ணி நிறைய இருக்கும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். ஆனால் பூச்சி விரட்டும் மருந்தைக் கையில் பூசக் கூடாது. இந்தச் சாலமாண்டர்களுக்கு நுரையீரல் கிடையாது, தோலால்தான் மூச்சு விடுகின்றன. உங்கள் விரலில் ஒட்டியிருப்பது அவற்றின் உடம்புக்குள் போய்விடும்.

தமிழ்நாட்டில் சாலமாண்டரே இல்லை என்பதால் முதலில் கண் பழக வேண்டும். கல்லை மெல்லப் புரட்டி, கலங்கல் தெளியும்வரை அசையாமல் இருங்கள். விரல் நீளத்தில் பழுப்பாக ஒன்று கிடக்கும்; கண்ணிலிருந்து தாடைவரை வெளிறிய கோடு ஓடும். பார்த்ததும் கல்லை இருந்தபடியே வையுங்கள்.

கடினமான நாள் சுரங்கத்துக்குக் கீழே இருக்கும் ஓடையில் வரும். மலையுச்சியை வெடிவைத்துத் தகர்த்து நிலக்கரியை எடுத்தபின், மிஞ்சும் பாறையைப் பள்ளத்தாக்கில் கொட்டுகிறார்கள். அப்பலாச்சிய மலைகளில் 1985 முதல் 2001 வரை மட்டும் 1,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடைகள் இப்படிப் புதைந்தன. அடியிலிருந்து கசிந்து வரும் நீர் பளிங்குபோல இருக்கும். ஆனால் சல்பேட்டும் கால்சியமும் மக்னீசியமும் அதில் கரைந்திருக்கும்; இவை கூடக் கூட நீரின் மின்கடத்துத்திறனும் ஏறும். நீர்ப்பூச்சிகளைக் காக்க அரசின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் சொன்ன மின்கடத்துத்திறன் உச்ச அளவு சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோசீமென்ஸ். மானி 1,000ஐத் தாண்டி ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

அங்கே கல்லுக்குமேல் கல்லாகப் புரட்டியும் ஒன்றும் அகப்படாது. தாளில் சுழியம் போடக் கை கூசும், இன்னும் பத்துக் கல் பார்க்கலாமே என்று மனம் கெஞ்சும். பார்க்காதீர்கள். சுரங்கம் தொடாத காட்டோடையில் எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் தேடினீர்களோ, இங்கேயும் அவ்வளவுதான். அந்தச் சுழியம் நேர்மையாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

ஊர்க்காரர்களிடம் சுரங்கத்தைப் பழித்துப் பேச வேண்டாம்; பலருடைய அப்பா, தாத்தா சோறு கண்டது அதில்தான். சாலமாண்டர் என்றால் சிலருக்குப் புரியாது, 'ஸ்பிரிங் லிசர்ட்' (ஊற்றுப் பல்லி) என்று சொல்லுங்கள். தூண்டிலில் இரையாகக் கோப்பதற்குச் சிறுவயதில் பிடித்திருப்பார்கள். எங்கே பிடித்தீர்கள் என்று ஒரு முதியவரிடம் கேட்டேன். பாறை கொட்டி மேடாகிவிட்ட பள்ளத்தாக்கைக் கைகாட்டினார்.