இயந்திரக் காதலன் கதைக்கு யார் சொந்தக்காரர்?

வாசகி ஒருவரின் கேள்வி: "நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவரை இழந்த ஒரு பெண், வெளிநாட்டிலிருக்கும் மகன் வீட்டு வேலைக்காக வாங்கி அனுப்பிய இயந்திர மனிதனிடம் சிறுகச் சிறுக மனத்தைப் பறிகொடுப்பதாக ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். பதிப்பாளரை அறிமுகப்படுத்துவதாகச் சொன்ன ஒருவர், 'இந்தக் கரு சினிமாவிலேயே வந்துவிட்டது, உங்கள் மீது வழக்கு வரும். 35,000 ரூபாய் கொடுத்தால் கருவை உங்கள் பெயரில் உலகக் காப்புரிமை செய்து தருகிறேன்' என்கிறார். நாவலின் முடிவு, கல்லூரி நாட்களில் நான் படித்த ஓர் ஆங்கிலச் சிறுகதையின் பாதிப்பில் எழுதியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நான் இதை வெளியிடலாமா?"

வெளியிடலாம் அம்மா. ஆனால் அந்த மனிதருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், கடைசி அத்தியாயத்தை மட்டும் இன்னொரு முறை எழுதுங்கள். இவ்விரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

மனிதர் ஒருவர் இயந்திரத்தின் மீது காதல் கொள்வது என்ற கருவுக்கு உலகில் எவரும் சொந்தக்காரர் இல்லை. 1816-இல் ஜெர்மானிய எழுத்தாளர் ஹோஃப்மன் எழுதிய கதையில், நதானியேல் என்ற இளைஞன் ஒலிம்பியா என்ற பொம்மைப் பெண்ணிடம் மயங்கி, அவள் "ஆ, ஆ" என்று மட்டும் சொல்வதைத் தன் பேச்சுக்குக் கிடைத்த ஆழ்ந்த மறுமொழியாக எடுத்துக்கொள்கிறான். 1886-இல் பிரெஞ்சு எழுத்தாளர் வில்லியே த லீல்-ஆதாம், காதலியின் குணத்தால் மனமுடைந்த ஒரு பிரபுவுக்காக எடிசன் செயற்கைப் பெண் ஒருத்தியைச் செய்து தருவதாக நாவல் எழுதினார். 'ரோபோ' என்ற சொல்லையே நமக்குக் கொடுத்த செக் நாடகாசிரியர் காரெல் சாப்பெக்கின் 1920-ஆம் ஆண்டு நாடகம், இரண்டு ரோபோக்கள் ஒருவர் மேல் ஒருவர் கொள்ளும் காதலில்தான் முடிகிறது. 1951-இல் ஐசக் அசிமோவ், கணவன் வெளியூர் போயிருக்கும்போது வீட்டுக்குச் சோதனைக்காக வந்த டோனி என்ற ரோபோவிடம் ஒரு குடும்பப் பெண் மனம் நெகிழ்வதை எழுதினார். கருவை மட்டும் பார்த்தால் உங்கள் நாவலுக்கு மிக அருகில் நிற்பது இந்தக் கதைதான். இவர்களில் யாரும் தமக்கு முன்னால் எழுதியவரிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு எழுத உட்காரவில்லை. நீங்களும் வாங்க வேண்டியதில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. ஆர்.ஜி.ஆனந்த் என்பவர் எழுதிய ஒரு நாடகத்தை, 1956-இல் வந்த ஓர் இந்தித் திரைப்படம் நகலெடுத்துவிட்டதாகத் தொடுத்த வழக்கில், கருவுக்கோ பொருளுக்கோ கதைப்பின்னலுக்கோ பதிப்புரிமை கிடையாது, அதை ஓர் ஆசிரியர் சொல்லியிருக்கும் வடிவத்துக்கும் முறைக்கும் அடுக்குக்குமே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டிலும் ஒரு பஞ்சாபிக் குடும்பமும் ஒரு மதராசிக் குடும்பமும் இருந்தன, இரு வீட்டுப் பிள்ளைகளின் காதலும் இருந்தது. ஆயினும் படம் வேறு படைப்பு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. தீர்ப்பு வந்த ஆண்டு 1978. படம் வெளியான ஆண்டையும் தீர்ப்பின் ஆண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், இருபத்திரண்டு ஆண்டுகள். ஒரு நாடகாசிரியர் தம் கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள இவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்ததை நினைக்கும்போது, வழக்கறிஞர் தொழிலில் இருக்கும் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

உங்களைப் பயமுறுத்தியவர் சொன்ன சினிமா 'எந்திரன்' ஆகத்தான் இருக்க வேண்டும். 1996-இல் 'இனிய உதயம்' இதழில் வெளிவந்த தமது 'ஜூகிபா' கதைதான் 2010-இல் அந்தப் படமானது என்று எழுத்தாளர் ஆரூர் தமிழ்நாடன் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றம் அந்த உரிமையியல் வழக்கை 2023-இல் தள்ளுபடி செய்தது. அதன் பிறகு 2025 பிப்ரவரியில் அமலாக்கத் துறை இதே விவகாரத்தை முன்வைத்து இயக்குநர் ஷங்கரின் சொத்துகளை முடக்கியது, அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே சொல்லப் புகவில்லை. இந்த வழக்கிலிருந்து உங்களுக்குத் தேவையானது ஒன்றுதான்: இயந்திர மனிதன் காதலிக்கிறான் என்பதற்காக யாரும் வழக்காடவில்லை, கதை நகர்ந்த விதம் ஒன்றா இல்லையா என்பதே அங்கும் வாதமாக இருந்தது. மகன் அனுப்பிய இயந்திரத்தோடு ஒரு விதவைத் தாய் அடுக்களையில் பேசத் தொடங்கும் உங்கள் நாவலுக்கும் அந்தப் படத்துக்கும், நீங்கள் அனுப்பிய சுருக்கத்தைப் படித்த அளவில், எந்த உறவும் இல்லை.

இனி அந்தக் கடைசி அத்தியாயத்துக்கு வருகிறேன். இங்கே நான் கொஞ்சம் நீட்டித்துச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கருவுக்கு உரிமையில்லை என்ற விதியைப் பாதி கேட்டுவிட்டு, மீதியைக் கேட்காமல் எழுதி மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் குறிப்பிடும் ஆங்கிலக் கதை லெஸ்டர் டெல் ரே 1938-இல் எழுதிய 'ஹெலன் ஓ'லாய்'. அதில் ஹெலன் என்ற ரோபோவை அவளுடைய உரிமையாளன் மணந்துகொள்கிறான். அவனுக்கு வயதாக ஆக, அவளும் மூப்படைவதாகத் தோன்றும்படி நண்பன் அவள் முகத்தில் சுருக்கங்களைச் செய்து தருகிறான். கணவன் இறந்ததும், தான் அமிலத்தால் தன்னை அழித்துக்கொள்ளப் போவதாகவும், தன்னையும் அவனோடு புதைக்க வேண்டும் என்றும் அவள் அந்த நண்பனுக்குக் கடிதம் எழுதுகிறாள். உங்கள் சுருக்கத்தில், ஆணும் பெண்ணும் இடம் மாறியிருப்பதைத் தவிர, முகச் சுருக்கம், கடிதம், அமிலம், ஒரே குழி என நான்கும் அதே வரிசையில் வருகின்றன. காதலித்தவர் இறந்த பின் இயந்திரமும் வாழ விரும்பவில்லை என்பது கரு. அதை எவரும் எழுதலாம். அந்த விருப்பம் இந்த நான்கு நிகழ்வுகளாக இதே வரிசையில் விரிவது டெல் ரேயின் கைவண்ணம். இரண்டையும் படித்த ஒருவர் "இது அதுதானே" என்று ஐயமின்றிச் சொல்லிவிடுவாரா என்பதே ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த உரைகல், உங்கள் கடைசிப் பதினான்கு பக்கங்களைப் படிக்கும் எவரும் அப்படித்தான் சொல்வார். பாத்திரத்தின் பாலினத்தை மாற்றிவிட்டதாலோ, கதை நடக்கும் இடத்தைக் காவிரிக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டதாலோ இது தீராது.

பழைய கதைதானே என்றும் எண்ண வேண்டாம். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். டெல் ரே இறந்தது 1993-இல். நம் பொதுக் கணக்கு 2053 இறுதி வரை போகிறது. அயல்நாட்டுப் படைப்பு என்பதால் கணக்கு சற்று மாறலாம் என்றாலும், அது இன்று எவரும் எடுத்தாளலாம் என்ற நம்பிக்கையில் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

இதற்கு மாறாக, சாப்பெக் 1938-இலேயே இறந்துவிட்டார், அவருடைய நாடகம் இன்று பொதுச் சொத்து. உயிரோடு மிஞ்சிய கடைசி மனிதரான ஆல்க்விஸ்ட், ஆய்வுக்காக ஒரு ரோபோவை அறுக்க வேண்டும் என்று சொன்னதும், காதல் கொண்ட அந்த இரண்டு ரோபோக்களில், ஹெலெனாவுக்குப் பதில் என்னை அறுங்கள் என்று பிரைமஸும், பிரைமஸுக்குப் பதில் என்னை அறுங்கள் என்று ஹெலெனாவும் முன்னால் வந்து நிற்கும் அந்தக் காட்சியை நீங்கள் தாராளமாக அடியொற்றி எழுதலாம். ஆனால் அதை எந்த மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். மொழிபெயர்ப்பாளருக்குத் தம் மொழிபெயர்ப்பின் மீது தனி உரிமை உண்டு, அந்த 60 ஆண்டு அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து வேறாக எண்ணப்படும். அண்மையில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து நான்கு வசனங்களைத் தமிழாக்கிப் போட்டால், மூலம் பொதுச் சொத்து என்ற வாதம் உங்களைக் காப்பாற்றாது.

அடுத்தது அந்த 35,000 ரூபாய். தமிழில் 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லைப் புதிய கண்டுபிடிப்புக்கான உரிமத்துக்கும் நூலுக்கான உரிமைக்கும் மாற்றி மாற்றிப் புழங்கிவருகிறோம், தரகர்கள் இந்தக் குழப்பத்தில்தான் பிழைக்கிறார்கள். கண்டுபிடிப்புக்குரிய பேடன்ட், கதை கவிதைக்குக் கிடையவே கிடையாது என்று 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. நாவலுக்கு உள்ளது பதிப்புரிமை. அது நீங்கள் எழுதிய கணத்திலேயே, யாரிடமும் பதியாமலே, உங்களுக்கு வந்துவிட்டது. உலகம் முழுவதற்குமான பதிவு என்று ஒன்று எங்குமே இல்லை. படைப்பாளிகளின் உரிமையைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா 1928 முதல் உறுப்பினராக இருப்பதால், மற்ற உறுப்பு நாடுகளிலும் உங்கள் நாவலுக்குத் தானாகவே பாதுகாப்பு உண்டு. இல்லாத ஒன்றை விற்பதற்கு 35,000 ரூபாய் கேட்கிறார் என்றால் அதற்கு மோசடி என்றுதான் பெயர்.

பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் பதிவேட்டில் உள்ள விவரத்தை நீதிமன்றம் முதல்நிலைச் சான்றாக ஏற்கும். பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்தவுடன் டயரி எண் ஒன்று கிடைக்கும், ஆட்சேபம் ஏதும் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள், பிறகு ஆய்வுக்கு எடுப்பார்கள். அந்த ஆய்வு எப்போது முடியும் என்று என்னிடம் கேட்காதீர்கள். தமிழில் நாவல் எழுதிய ஆசிரியை ஒருவர் தமிழிலேயே நிரப்பக்கூடிய ஒரு படிவத்தைக்கூட இத்தனை ஆண்டுகளாக உருவாக்கித் தராத அமைப்பு இது. மக்கள் தரகரிடம் ஓடுவதற்குப் பாதிக் காரணம் இந்த அலட்சியம்தான். ஆங்கிலப் படிவத்தை நிரப்ப உங்கள் பழைய மாணவர் ஒருவர் உதவினால் போதும்.

கையெழுத்துப் பிரதியைத் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்துக்கொண்டால் போதும் என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். நான் இளம் வழக்கறிஞராக இருந்தபோது, என் மூத்தவரின் கட்சிக்காரர் அப்படி ஓர் உறையை நீதிமன்றத்தில் பெருமையோடு எடுத்து வைத்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மேல்மடிப்பில் ஒட்டியிருந்த செலோடேப்பின் ஓரத்தில் விரலளவு இடைவெளி இருந்தது. தம் மேசையிலிருந்த ஒரு வெள்ளைத் தாளைச் சுருட்டி, டேப் கிழியாமல் உறைக்குள் செருகி, மறுபடி வெளியே இழுத்துக் காட்டினார். அத்தோடு அந்தச் சான்று முடிந்தது. அதைவிட, நீங்கள் அடித்துத் திருத்தி எழுதிய நோட்டுப் புத்தகங்கள் பல மடங்கு வலுவானவை, அவற்றைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பணம் கேட்பவரைவிட ஆபத்தானவர், பணமே வேண்டாம், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்பவர். நூறு ரூபாய் முத்திரைத்தாளில் "எல்லா உரிமைகளும், எல்லா ஊடகங்களிலும், எல்லாக் காலத்துக்கும்" என்று ஒற்றை வரி எழுதி வருவார்கள். உரிமை மாற்றத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, எவ்வளவு உரிமைத்தொகை என்று அதில் குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டத்தின் 19-ஆம் பிரிவு எழுத்தாளருக்காகப் பரிந்து நிற்கிறது. "எல்லாக் காலத்துக்கும்" என்று நீங்களே கையெழுத்திட்டுவிட்டால் அந்தப் பரிவு பயன்படாமல் போகிறது.

உங்கள் நாவலைப் பொறுத்தவரை இதில் தனிக் கவனம் தேவை. ஒப்பந்தம் போட்ட நாளில் வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலொழிய, உரிமை மாறாது என்று 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. ஆனால் கற்பனைக் காதலனோடு உரையாடும் செயலிகள் இன்று ஏற்கெனவே சந்தையில் இருக்கின்றன. ஆகவே "எல்லா ஊடகங்களிலும்" என்ற வரிக்குள், உங்கள் நாயகி நேசித்த அந்த இயந்திர மனிதனை அவன் பெயரோடும் பேச்சு வழக்கோடும் கட்டணச் செயலியாக்கி விற்கும் உரிமையும் அடங்கிவிட்டது என்று நாளை ஒருவர் வாதிடலாம். அச்சு நூல், மின்னூல் ஆகிய இரண்டை மட்டும், ஐந்து ஆண்டுக்கு மட்டும் கொடுங்கள். ஒலிநூல், திரைப்படம், தொடர், மொழிபெயர்ப்பு, கதாபாத்திரத்தை எந்த உரையாடல் செயலியிலும் பயன்படுத்துவது ஆகியவை ஆசிரியரிடமே இருக்கும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுக்கும் பதிப்பாளர் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அறிமுகம் செய்வதாகச் சொன்னவரிடம் நாவலின் பிரதி ஏற்கெனவே போயிருக்கும் என்று உங்கள் கடிதத்தின் தொனியிலிருந்து ஊகிக்கிறேன். அப்படியானால், இன்ன தேதியில் இத்தனை பக்கங்கள் கொண்ட பிரதியைப் படித்துப் பார்ப்பதற்காக மட்டும் கொடுத்தேன், எந்த உரிமையும் தரவில்லை, பிரதியைத் திருப்பி அனுப்பவும் என்று நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதி பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள் (தனிப் பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது). தபால் உங்களுக்கு உண்மையிலேயே உதவும் இடம் அதுதான். கிடைக்கும் சான்றைக் கடிதத்தின் நகலோடு சேர்த்துத் தைத்து, அந்த நோட்டுப் புத்தகங்களுடன் வையுங்கள்.