மலையில் விளைந்த கேரட் மலைக்கடையில் ஏன் வதங்கிக் கிடக்கிறது?

கேள்வி: முன்பு நன்றாக இருந்த சூப்பர் மார்க்கெட் செயின் கடைகளில் இப்போது தரம் குறைந்துகொண்டே போகிறது. உங்கள் ஊரிலும் அப்படித்தானா? என்ன காரணம்?

எங்கள் ஊர் குன்னூர். இங்கேயும் அப்படித்தான். கடையின் பெயர் வேண்டாம். பல ஊர்களில் கிளை வைத்திருக்கிற ஒரு செயின், அது போதும். படிக்கிறவர்களுக்கு அவரவர் ஊர்க் கடை தானாக ஞாபகம் வரும்.

போன டிசம்பரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். காய்கறித் தட்டில் கேரட் கிடந்தது. அம்மா ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தார். ஒடியவில்லை, வளைந்தது. தோல் மேல் மயிர் மாதிரி வெள்ளை வேர் விட்டிருந்தது. பக்கத்தில் ரேக் அடுக்கிக்கொண்டிருந்த பையனிடம், "தம்பி, இது எங்க விளைஞ்சதுப்பா?" என்று கேட்டார்.

"கோயமுத்தூர்ல இருந்து வருதுங்க பாட்டி."

"கோயமுத்தூர்க்காரங்க எப்ப இருந்து கேரட் போடறாங்க?"

அவன் சிரித்தான். பாவம், அவன் பொய் சொல்லவில்லை. கேரட் நிஜமாகவே கோயம்புத்தூரில் இருந்துதான் வருகிறது.

வெளியூர்க்காரர்களுக்கு இதிலுள்ள கூத்து புரியாது, சொல்கிறேன். கேத்தி பாலாடா பக்கம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேரட்தான். எங்கள் ஊரில் இருந்து பஸ் ஏறினால் ரொம்ப தூரமில்லை. விடிவதற்கு முன்பே பிடுங்கி, அங்கேயே இருக்கிற கழுவும் மெஷினில் மண் போகக் கழுவி, மூட்டை கட்டி லாரி ஏற்றிவிடுவார்கள். அது மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். அங்கே கைமாறி கோயம்புத்தூரில் கம்பெனி குடோனுக்குப் போகும். தரம் பிரித்து, பிளாஸ்டிக் கிரேட் பெட்டியில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, மறுபடி லாரியேறி அதே 14 கொண்டை ஊசி வளைவையும் சுற்றிக்கொண்டு குன்னூருக்கு வரும். பிறந்த வீட்டுக்கே விருந்தாளியாக வருகிற கேரட். வருவதற்குள் இரண்டு மூன்று நாளாகிவிடும். மழையில் பர்லியார் பக்கம் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ இன்னொரு நாள்.

ஆனால் கடை தொடங்கின நாளிலிருந்தே இப்படி இருக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அம்மா இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியா ஏற்றுக்கொண்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இங்கே வந்து சேர்ந்த குடும்பம். டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்தார். எங்கள் சின்ன வயதில் சாமான் வாங்குவது என்றால் பற்று நோட்டு. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் பருப்பு, அவர் எழுதுவதுதான் கணக்கு. தவணை பாக்கி இருந்தால் மற்றவர்களையெல்லாம் அனுப்பிவிட்டுத்தான் நம்மைப் பார்ப்பார். "அந்த சோப்பைக் கொஞ்சம் எடுங்க" என்று கேட்டால், "வாங்கறதா இருந்தா எடுக்கறேன்" என்பார்.

பத்துப் பதினைந்து வருஷம் முன்பு இந்த சூப்பர் மார்க்கெட் வந்தபோது அம்மா முதல் தடவை உள்ளே போய், சோப்பு ரேக்கின் முன்னால் கால் மணி நேரம் நின்றார். ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்ததும், "எல்லாருக்கும் ஒரே வெலைதான் போட்டிருக்கான் பாத்தியா" என்றார். செயின் கடையை எடுத்ததும் திட்டுகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாததற்கு இதுதான் காரணம். அவர்கள் வீட்டுப் பெண்களைக் கடைக்காரர் காக்க வைத்திருக்க மாட்டார்.

அப்போதைய மேனேஜர் அருவங்காட்டுப் பையன். காய்கறி லோடு வந்து இறங்கினால் தானே கிரேட்டைக் கவிழ்த்துப் பார்ப்பான். பிடிக்காததை லாரியிலேயே திருப்பி ஏற்றுவான். வர்க்கி உள்ளூர் பேக்கரியில் இருந்து காலையில் வரும், சாயங்காலம் மிச்சமிருப்பதை அவர்களே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மழைக்காலத்தில் மாரி பிஸ்கட் பெட்டியைக் குறைத்துத்தான் போடுவான். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "நம்ம ஊர் ஈரத்துக்கு நமுத்துப் போகுங்க அக்கா, கொஞ்சம் கொஞ்சமா வாங்கினாத்தான் சரியா இருக்கும்" என்றான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூரில் உப்பு ஜாடியில் தண்ணீர் ஊறும். இது கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கடையின் நல்ல காலம் எது என்று கேட்டால் நான் 2020 ஊரடங்கைத்தான் சொல்வேன். ஊரே அடைத்துக் கிடந்தது. லோடு ஒழுங்காக வரவில்லை. மேனேஜர் யாரிடமோ பேசி பாலாடாவில் இருந்து நேராகக் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் இறக்கினான். விற்க வழி தெரியாமல் நின்ற விவசாயிகளுக்கும் கையில் காசு வந்தது. கேரட்டை ஒடித்தால் டப்பென்று சத்தம் வரும். அந்த மூன்று மாதம் நாங்கள் தின்ற காய்கறியை அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கடையில் நான் பார்த்ததில்லை.

பிறகு அது நின்றுபோனது. "இனிமே ஆர்டர் நாங்க போடறதில்லக்கா, சிஸ்டமே போட்டுக்கும்" என்றான். போன மாதம் எவ்வளவு விற்றதோ அதைக் கணக்குப் பார்த்து கம்ப்யூட்டரே அனுப்பிவிடுமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மே மாத சீசனில் டூரிஸ்ட் கூட்டம் வாங்கின கணக்கை வைத்துக்கொண்டு ஜூன் மழையில் அதே அளவு தயிரும் பிரட்டும் வந்து இறங்கியபோதுதான் கோளாறு தெரிந்தது. அவனும் கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டான். இப்போது ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸில் இருக்கிறான்.

இதற்கு மேல் உள்ளே நடப்பது எனக்குத் தெரிந்திருக்காது. என் சித்தி மகள் அங்கே இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். அவள் சொன்னதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது 'டம்ப்' விஷயம். அழுகிய காய், தேதி முடிந்த பொருள் இதையெல்லாம் கழித்துக்கட்டி எழுதுவதற்குக் கடையில் டம்ப் என்று பெயர். அது எல்லாக் கடையிலும் உண்டு, தப்பில்லை. ஆனால் மாதத்துக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் டம்ப் எழுதக்கூடாது என்று மேலிடத்தில் வரம்பு வைத்துவிட்டார்கள். தாண்டினால் மேனேஜருக்கு மெமோ. இருபதாம் தேதியே வரம்பு தீர்ந்துவிட்டால் மீதிப் பத்து நாளும் அழுகியதை எங்கே போடுவது? தட்டிலேயேதான். "வாடினதை அடியில போட்டு நல்லதை மேல வைக்கச் சொல்லுவாங்கக்கா. எங்களுக்கே கூசும்" என்றாள்.

எனக்குக் கணக்கு வேலைதான் பிழைப்பு. அதனால் இது உடனே புரிந்தது. நஷ்டத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, நஷ்டத்தை எழுதுவதைத்தான் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது எழுதப்படாமல் எங்கள் கூடைக்குள் வந்து சேர்கிறது.

மற்றதெல்லாம் இதோடு ஒட்டி வந்ததுதான். நாலு பில் கவுண்டரில் ஒன்றுதான் திறந்திருக்கும். பில் போடுகிற பெண்ணே நடுவில் எழுந்து போய் ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் அடுக்குவாள். கரண்ட் போய் வந்த ஃப்ரீசர் என்பது அந்த ஐஸ்கிரீமைத் தொட்டாலே தெரியும், உள்ளே பனிக்கட்டி முள் முள்ளாகக் குத்தும். ரேக்கில் ஆஃபர் விலை ஒட்டியிருக்கும், பில்லில் பழைய விலை வரும். கேட்டால், "சிஸ்டம்ல இன்னும் ஏறலைங்க" என்று பதில். விலை ஏறுகிறபோது மட்டும் சிஸ்டத்தில் எப்படியோ அன்றைக்கே ஏறிவிடுகிறது.

கடையின் சொந்த பிராண்டு துவரம் பருப்பு ஒரு கிலோ பாக்கெட் என்று பழக்கத்தில் எடுத்து வந்து வீட்டில் பார்த்தால் 900 கிராம். இது சட்ட விரோதமில்லை. சில பொருட்களை இந்த இந்த எடையில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள். பெரிய பாக்கெட்தான் மலிவு என்கிற நம்பிக்கை சில சமயம் அங்கே உடைந்து போகும். எடை குறைப்பு கடைக்காரர் வேலை மட்டுமில்லை, பொருள் தயாரிக்கிற கம்பெனிகளும் செய்கிறார்கள். அந்தப் பாவத்தை முழுக்க இவர்கள் தலையில் கட்டக்கூடாது.

பை விஷயம் ஒரு தனி எரிச்சல். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, மாநிலம் முழுக்க 2019-ல் வருவதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. நாங்கள் மஞ்சப்பையோடு வளர்ந்த ஊர்க்காரர்கள். அப்படியும் மறந்து போன நாளில் கம்பெனி பெயர் போட்ட துணிப்பைக்குக் காசு கேட்கிறார்கள். சண்டிகரில் ஒரு செருப்புக்கடை பெயர் அச்சடித்த பைக்கு 3 ரூபாய் வாங்கியதற்கு நுகர்வோர் மன்றம் 2019-ல் 9,000 ரூபாய் கட்டச் சொன்னது. ஒருமுறை இதைச் சொல்லிப் பார்த்தேன். பின்னால் வரிசையில் நின்றவர், "மேடம், மூணு ரூவாய்க்கா?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

விடாத ஒன்றும் உண்டு. போன வருஷம் வாங்கிய கோதுமை மாவில் வண்டு. தேதி முடிய இரண்டு மாதம் இருந்தது. பில்லோடு போனேன். "பிரிச்சுட்டீங்களே" என்றார்கள். பிரிக்காமல் வண்டை எப்படிப் பார்ப்பது? ஆப்பில் புகார் போடச் சொன்னார்கள், போட்டேன், பதில் இல்லை. 1915-க்குப் போன் செய்தேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். புகார் எண் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் பணம் கணக்கில் ஏறியது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை, போகட்டும். ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கின பொருளின் மதிப்பு 5 லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் போகிறீர்களோ இல்லையோ, பில்லை வாங்கின அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். அந்தப் பளபளப்புத் தாளில் எழுத்து ஆறு மாதத்தில் மறைந்து வெள்ளையாகிவிடும்.

"அப்படியானால் பழைய மளிகைக் கடைக்கே போய்விடலாமே" என்று கமெண்டில் யாராவது எழுதுவீர்கள். போகிறேன். 2022 ஜூலை 18 முதல் பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதற்கு அது இல்லை. அதனால் பருப்பு வகையெல்லாம் இப்போது அப்பர் பஜாரில்தான். கடைக்காரர் கையில் அள்ளிக் காட்டுவார், மூட்டை எப்போது வந்தது என்று கேட்டால் சொல்வார். தராசை மட்டும் ஒரு கண் பார்த்துக்கொள்வேன், அங்கேயும் எல்லாரும் தெய்வப் பிறவி இல்லை. முன்பு அம்மாவை நிற்க வைத்தவரின் மகன் இப்போது என்னை "வாங்க மேடம்" என்கிறான். சூப்பர் மார்க்கெட் வந்ததால் வந்த மரியாதை அது, அவன் அப்பா கற்றுக்கொடுத்ததில்லை.

காய்கறிக்கு உழவர் சந்தை. காலையிலேயே போய்விட வேண்டும், வெயில் ஏறினால் நல்லது போய்விடும். கேரட் மண்ணோடு கிடைக்கும். கழுவாத கேரட்தான் நாள் தாங்கும் என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும்.

ஆனாலும் மாதம் பிறந்தால் அம்மாவுக்கு அந்தக் கடைக்குப் போயாக வேண்டும். மூட்டு வலி, ட்ராலியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். சோப்பு ரேக்குக்குத்தான் முதலில் போவார். இப்போது நாலு நாலாகச் சேர்த்து மேலே பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கிவிட்டார்கள், வாசனையே வருவதில்லை. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார். போன மாத பில் என் போனில் இருக்கிறது. துணி சோப்புத்தூள், பேஸ்ட், பாத்திரம் துலக்குகிற நார், அவ்வளவுதான். 2020 ஏப்ரல் பில்லும் இருக்கிறது, முப்பத்தியொரு வரி நீளம்.